பழைய படகும் புது பெயிண்டும்



புதுப் பொருளைப் பழசாகக் காட்டுவது எப்படி என்று ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். கண்காட்சிக்காக ஐஸ்கிரீம் குச்சியும் ஃபெவிகாலும் வைத்து ஒரு படகு மாடல் செய்தேன். இருபது அடிப் படகை 16-ல் ஒரு பங்காகச் சுருக்கி, ஒன்றேகால் அடி நீளம். பிரவுன் எனாமல் அடித்துப் பளபளவென்று திண்ணையில் வைத்தேன். பழவேற்காடு ஏரியில் இத்தனை வருஷமாக வலை போடுகிற அப்பா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீதுப்பா. ஆனா இது தண்ணியே பாக்காத படகு" என்றார். பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

இது பெரிய கலை. இங்கிலாந்தில் 1983-ல் வெளிவந்த 'வார்ஹாமர்' என்ற போர் விளையாட்டின் விரல் உயர வீரர்களுக்கும் இப்படித்தான் வாளில் துருவும் கேடயத்தில் கீறலும் தீட்டுகிறார்கள். 1987-ல் வந்த 'நாயகன்' படத்துக்குத் தோட்டா தரணி தாராவியையே சென்னையில் செட் போட்டுக் காட்டித் தேசிய விருது பெற்றார்.

மரம் ஏன் நரைக்கிறது?

மர நார்களைப் பிணைத்து வைப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கிறது. மழை கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சும் செல்லுலோஸ்தான் அந்தச் சாம்பல் நிறம். அதுவும் மேல்தோல் மட்டுமே. சுரண்டினால் உள்ளே பழைய மர நிறம். அதனால்தான் கயிறு உரசும் விளிம்பு நரைப்பதில்லை.

செய்முறை: குச்சியைக் கம்பி பிரஷ்ஷால் நீளவாக்கில் தேய்த்தால் ரேகை எழும்பும். அடர் பிரவுன் அக்ரிலிக் அடித்துக் காயவிடுங்கள். கறுப்பைத் தண்ணீர் போலக் கரைத்து மேலே பூசினால் இடுக்குகளில் தங்கும். பிறகு பிரஷ்ஷில் வெளிர் சாம்பலை எடுத்து, பழைய துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, லேசாகத் தடவுங்கள். மேடுகள் மட்டும் நரைக்கும்.

இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது?

இரும்பு, காற்று, ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே நம் ஏரிக்கரையில் துரு இன்னும் வேகம்.

மாடலிலும் உப்பு உதவும். துரு நிறம் அடித்துக் காய்ந்ததும், தண்ணீர் தொட்டு ஈரமாக்கி, சமையல் உப்பைத் தூவுங்கள். காய்ந்தபின் மேலே எனாமலைப் பஞ்சால் ஒற்றுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் உப்பு வந்துவிடும். எனாமல் காய்ந்து உப்பைத் தேய்த்து உதிர்த்தால், பெயிண்ட் உரிந்து துரு எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும்.

நான் செய்த தப்பு

வித்தை தெரிந்த சந்தோஷத்தில் படகு முழுக்கத் துரு தெளித்துவிட்டேன். அப்பா கேட்டார்: "ஆணி இல்லாத எடத்துல துரு எப்படிப்பா வரும்?" கரையில் கிடந்த எங்கள் பழைய படகுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஒவ்வொரு ஆணியின் கீழேயும் கண்ணீர்க் கோடு போல ஒரு சிவப்புக் கறை. துரு மேலே ஏறாது, மழை இறங்கும் வழியில்தான் இறங்கும். அரை அங்குல ஆணித்தலை என் அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே குண்டூசி முனையால் புள்ளி வைத்து, ஒற்றை முடி பிரஷ்ஷால் கீழ்நோக்கி இழுத்தேன்.

எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்தவன் நான்தான். அரிமானம் என்ற பாடத்துக்கு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எங்கே தொடங்கும் என்று விரல் வைத்துக் காட்டியவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

கண்காட்சி முடிந்து சில வாரத்தில், வீட்டில் பைபர் படகு வாங்கியதால் அந்தப் பழைய படகு விறகுக்குப் போனது. மாடல் இப்போது டி.வி. மேல் இருக்கிறது. வருகிறவர்களிடம் அப்பா, "இது நம்ம படகு" என்கிறார்.

நண்பர்களே, நீங்களும் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் உங்கள் ஊர் கேட்டையும், பம்பு செட்டையும், வண்டிச் சக்கரத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மற்றதைக் கை தானாகச் செய்யும்.

– இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், எளாவூர்