இல்லத்து விலங்குகளும் அவற்றைப் பற்றும் ஒட்டுண்ணிகளும்

மக்களோடு ஒரு கூரையின்கீழ் உறையும் பேறு பெற்ற விலங்குகள் மிகச் சிலவே. அவற்றுள் நாயும் பூனையும் தலைசிறந்தன. தமிழ் மக்கள் இவற்றைப் பண்டுதொட்டே நன்கறிந்திருந்தனர் என்பதற்குத் தொல்காப்பியத்து மரபியலே சான்றாகும். நாயின் இளமையைக் குருளை என்றும், வெருகின் இளமையைக் குட்டி என்றும் வழங்கும் மரபினை ஆசிரியர் ஆண்டு வகுத்துரைக்கின்றார். அடியுண்டு சாகுந் தறுவாயிற் கிடந்த நாயொன்றின் செவியிற் சீவகன் மந்திரம் ஓதி அதற்கு நற்கதி அளித்த வரலாற்றைச் சீவக சிந்தாமணியிற் காண்கின்றோம். திருமறையிலோ, நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனுக்குக் கூறிய உவமையில் வரும் ஏழை, தன் ஆட்டுக்குட்டிக்குத் தன் உணவையே பகிர்ந்தளித்து, அதனை மகளைப்போல் மடியிற் கிடத்தி வளர்க்கின்றான். நீதிமொழிகளின் 12-ஆம் அதிகாரமும், தன் விலங்கின் உயிரைப் பேணுதலை நீதிமானின் இயல்புகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது.

எனினும் அன்பு ஒன்றே விலங்கைக் காத்துவிடாது. அறிவும் உடன் வேண்டும். குட்டியாயிருந்தபோது தோளில் ஏற்றித் திரிந்த நாயை, அதன் உடலெங்கும் உண்ணி பற்றி மயிர் உதிரத் தொடங்கியதும், ஊர்ப்புறத்தே கொண்டுபோய் விட்டுவிடுவார் நம்முள் உளர். அங்ஙனம் செய்வோர், வீட்டைவிட்டு நோய் அகன்றதென்று எண்ணி ஆறுதல் அடைகின்றனர். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையுடையது என்பதையும், சிறிது முயற்சியால் அந்நாயை எங்ஙனம் காத்திருக்கலாம் என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். நோய் இன்னதெனத் தேர்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, அதன்பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை. யாமும் அம்முறையே பற்றிச் செல்வோம்.

உண்ணி

நம் நாட்டு நாய்களைப் பெரிதும் வருத்துவது பழுப்பு நிறமுடைய நாயுண்ணியாகும். இது பூச்சியினத்தைச் சார்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவாயது. முட்டையினின்று வெளிப்படும்போது ஆறு கால்களும், ஒருமுறை தோலுரித்தபின் எட்டுக் கால்களும் உடையதாகும். இளமை, இடைமை, முதுமை ஆகிய மூன்று பருவத்தும் இது நாயின்மீது ஏறிக் குருதியை உண்ணும். உண்டு நிறைந்ததும் ஒவ்வொரு முறையும் நாயை விட்டு இறங்கிவிடும். இறங்கியபின் சுவர் வெடிப்பிலும், கதவு நிலையின் இடுக்கிலும், கட்டிலின் சந்திலும் ஒளிந்துகொள்ளும். வயிறு நிரம்பிய பெண்ணுண்ணி அத்தகைய இடத்தே நாலாயிரம் வரை முட்டைகளை இட்டுப் பின் மடியும். உணவின்றிப் பல மாதங்கள் உயிர் தாங்கியிருக்கும் ஆற்றலும் இதற்குண்டு.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை விளங்கும். நாயின் உடலில் நாம் காணும் உண்ணிகள் ஒரு பகுதியே. எஞ்சிய பெரும்பகுதி நம் வீட்டுச் சுவரிலும் தரையிலும் உள்ளது. ஆகவே நாயை வெளியேற்றியவன் உண்ணியை வெளியேற்றினான் அல்லன். நாயை மட்டும் குளிப்பாட்டி, அது படுக்குமிடத்தைக் கவனியாது விடுபவனும் பாதி வேலையையே செய்தவனாவான். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசிக் கடும் வெயிலில் உலர்த்துதல், சுவர் வெடிப்புக்களைச் சுண்ணச்சாந்தாலோ சிமெண்டாலோ அடைத்தல், நாய்க்கூண்டைக் கிழமைதோறும் தேய்த்துக் கழுவுதல் ஆகியவை மருந்துக்கு ஒப்பாகவே வேண்டப்படுவன.

உண்ணி குருதியை உண்பதோடு நில்லாது, நோயையும் ஊட்டிச் செல்லும். உண்ணியின் வாயிலாக நோய் பரவும் என்பதை முதன்முதல் ஐயமற நிறுவியவர் அமெரிக்க அறிஞராகிய தியோபால்டு ஸ்மித் என்பவரும் அவருடன் உழைத்த கில்போர்னும் ஆவர். 1893-ஆம் ஆண்டில் வெளியான அவர்கள் ஆராய்ச்சி மாடுகளின் காய்ச்சலைப் பற்றியது. நாய்களின் உண்ணிக் காய்ச்சலுக்கோ நம் சென்னையோடு நெருங்கிய தொடர்புண்டு. 1910-ஆம் ஆண்டில் பேட்டன் என்பார், சென்னை வேட்டைக் கழகத்து நாய்களின் குருதியில் நுண்ணுயிர் ஒன்றைக் கண்டு, பின்னர் அதனையே நரியின் குருதியிலும் கண்டு உலகிற்கு அறிவித்தார். பபீசியா கிப்சோனி என இன்று வழங்கும் அவ்வுயிர், குருதியின் செவ்வணுக்களுட் புகுந்து அவற்றைச் சிதைக்கும். 1935-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் அறியப்பட்ட எர்லிக்கியா என்னும் வேறொரு கிருமி வெள்ளணுக்களைத் தாக்கும். அதனைப் பரப்புவது மேற்கூறிய பழுப்பு உண்ணியே.

காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறுகள் வெளுத்தல், சிறுநீர் கருஞ்சிவப்பாதல், மூக்கினின்று குருதி வடிதல் ஆகிய குறிகளுள் எது தோன்றினும் காலம் தாழ்த்தாது கால்நடை மருத்துவரை அடைதல் வேண்டும். தொடக்கத்திற் கண்டால் இந்நோய்களுக்கு மருந்துண்டு. காலம் கடப்பின் உயிரைக் காத்தல் அரிது.

உண்ணியை எடுக்கும்போது நுனி கூரிய சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேரே மெல்ல இழுத்தல் வேண்டும். விரலால் நசுக்குதலும், தீக்குச்சியால் சுடுதலும் தகா. எடுத்ததனைச் சோப்பு நீரிலோ சாராவியிலோ இட்டு அழித்துக் கைகளைக் கழுவிக்கொள்க. காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, கால்விரல்களின் இடை ஆகியவை உண்ணிகள் விரும்பியுறையும் இடங்கள்.

தெள்ளும் நாடாப்புழுவும்

தெள்ளுப்பூச்சி உண்ணியினும் சிறியது, தாவிச் செல்வது. நாயின்மீதும் பூனையின்மீதும் நாம் பெரும்பாலும் காண்பது பூனைத்தெள்ளு என்னும் ஓரினமே. பெண்தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள் வரை இடும். அவை மயிரில் ஒட்டாது, விலங்கு செல்லுமிடமெல்லாம் உதிரும். முட்டையினின்று வரும் புழுக்கள் பாயின் அடியிலும் தரையின் புழுதியிலும் வளர்ந்து கூடு கட்டும். கூட்டினுள் இருக்கும் தெள்ளுக்கு மருந்து எளிதில் எட்டாது. வெப்பமும் அசைவும் உணர்ந்தபோதே அது வெளிப்படும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்தவுடன் தெள்ளுகள் காலில் மொய்ப்பதன் காரணம் இதுவே. ஒருமுறை மருந்திட்டும் தெள்ளு ஒழியவில்லையே என்று சலிப்போர் இதனை அறிந்து, மூன்று திங்களேனும் இடைவிடாது மருந்திட்டு, வீட்டையும் நாடோறும் பெருக்கித் தூய்மை செய்வாராயின் பயன் காண்பர்.

நாயின் மலத்திலோ வாலடி மயிரிலோ வெள்ளரி விதையையோ அரிசியையோ போன்ற வெண்துணுக்குகள் காணப்படுவதுண்டு. அவை நாடாப்புழுவின் உடற்பகுதிகள். அவற்றிலுள்ள முட்டைகளைத் தெள்ளின் இளம்புழு உண்ணும். அப்புழு வளர்ந்து தெள்ளாகும். உடல் அரிப்பால் தன்னைக் கடித்துக்கொள்ளும் நாய் அத்தெள்ளை விழுங்கும். விழுங்கிய நாயின் குடலில் நாடாப்புழு மீண்டும் வளரும். ஆதலின் தெள்ளை ஒழியாது புழு மருந்து மட்டும் கொடுத்தல், ஓட்டைக் குடத்தில் நீர் நிறைப்பதை ஒக்கும்.

குடற்புழுக்கள்

குட்டிகளைப் பெரிதும் கொல்வன உருண்டைப்புழுவும் கொக்கிப்புழுவும் ஆகும். குட்டி நன்றாகத்தானே இருக்கிறது, புழு எங்ஙனம் வரும் என்று வினவுவோர் பலர். நாயின் உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியினுட் புகுகின்றது. கொக்கிப்புழுவோ தாய்ப்பாலின் வழியாகவும் சேர்கின்றது. ஆகவே பிறந்து இரண்டு கிழமை ஆனதும் குட்டிக்குப் புழு மருந்து கொடுக்கத் தொடங்கி, பால்குடி மறக்குமட்டும் இரு கிழமைக்கு ஒருமுறையும், பின் ஆறு திங்கள் ஆகும்வரை திங்கள்தோறும், அதன்மேல் மூன்று திங்களுக்கு ஒருமுறையும் கொடுத்துவருதல் நன்று. தாய்க்கும் உடன் கொடுத்தல் வேண்டும். மருந்தின் அளவு விலங்கின் எடைக்கேற்ப அமைவதாதலின், எடை பார்த்த பின்னரே கொடுக்கவேண்டும்.

இப்புழுக்கள் நம்மையும் தீண்டுவன. கொக்கிப்புழுவின் குஞ்சுகள் தோலைத் துளைத்து உட்புகும் என்பதைக் கெய்ரோவில் இருந்த லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1898-ஆம் ஆண்டில் தம் கையிலேயே கண்டறிந்தார். நாயின் கொக்கிப்புழு மனிதன் தோலில் நுழைந்தால், வழி அறியாது அலைந்து, செந்நிறக் கோடுகளாக ஊர்ந்து அரிப்பை விளைக்கும். அவ்வறிஞரே 1911-ஆம் ஆண்டில் இலங்கைப் புனுகுப்பூனையினின்று எடுத்து விவரித்த மற்றோர் இனமோ, நாயினும் பூனையினும் வாழ்வதன்றி மக்கள் குடலிலும் முதிர்ந்து வாழ வல்லது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் ஆடும் சிறார்க்கு இதனால் வரும் இடர் பெரிது.

உருண்டைப்புழுவின் முட்டை மண்ணோடு சிறுவர் வாயிற் புகுமாயின், அதினின்று தோன்றும் குஞ்சு ஈரலையும் நுரையீரலையும், ஒரோவழிக் கண்ணையும் அடையும். கண்ணை அடைந்தால் பார்வையே கெடுதல் கூடும். அஞ்சத்தக்க இச்செய்தியிலும் ஓர் ஆறுதல் உண்டு. மலத்தோடு வெளிப்படும் முட்டை உடனே தீங்கு செய்யாது. மண்ணில் இரண்டு கிழமையேனும் கிடந்த பின்னரே நோயூட்டும் நிலையை எய்தும். ஆதலின் மலத்தை அன்றன்றே அள்ளிப் புதைப்பவன், ஒரு காசும் செலவின்றித் தன் வீட்டுக் குழந்தைகளைக் காத்தவனாகின்றான். பூனையின் மலத்தில் வெளிப்படும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரும் இத்தகையதே; அது தீங்கு செய்யும் நிலையை அடைய ஒரு நாளேனும் செல்லும். கருவுற்ற மகளிர்க்கு அது கேடு விளைக்குமாதலால், அவர்கள் பூனையின் மண்தட்டைத் தீண்டாது, பிறர் அதனை நாடோறும் மாற்றுதல் வேண்டும்.

வெறிநோய்

வெறிநோய் புழுவாலன்றி வைரஸால் வருவதேனும், நாய் வளர்ப்போர் எவரும் இதனை மறத்தல் ஆகாது. மக்களுக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 வரை நாயாலேயே வருகின்றதென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் ஏறக்குறைய இல்லை. 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாஸ்டியர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி இட்டுக் காத்தார். நம் நாட்டிற் குன்னூரில் 1907-ஆம் ஆண்டு பாஸ்டியர் நிலையம் ஏற்பட்டது. வயிற்றில் பல நாள் தொடர்ந்து ஊசி குத்திக்கொண்ட காலம் போய்விட்டது. இன்று கையிற் சில ஊசிகளே போதும். நாய்க்கு மூன்று திங்கள் நிரம்பியதும் ஓர் ஊசியும், பின் மருத்துவர் கூறும் காலத்தே மறு ஊசியும் இடல் வேண்டும். எந்த நாயேனும் பூனையேனும் கடித்தால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனையை அடைக. மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அப்பிக் காலம் கழித்தல் உயிருக்கு இறுதியாம்.

மருந்தில் எச்சரிக்கை

உண்ணியை ஒழிக்க மண்ணெண்ணெய் தடவுதலும், பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுதலும் நம்மிடையே வழங்குகின்றன. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நஞ்சாகும். பினாயில் பூனைக்குக் கொடிய நஞ்சு. நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு இட்டால் அது நடுங்கி வலித்து இறத்தல் கூடும். காய்ச்சலென்று கருதிப் பாரசிட்டமால் மாத்திரை கொடுத்துப் பூனையை இழந்தோரும் உளர். மருந்து நல்லதேனும் இடமறிந்து வழங்கவேண்டும். 2015-ஆம் ஆண்டில் காம்பெல், ஓமுரா என்னும் இருவர்க்கு நோபல் பரிசை ஈட்டித்தந்த ஐவர்மெக்டின் கோடிக்கணக்கான உயிர்களுக்கு நலம் செய்தது. அதுவே கோலி இனத்து நாய்கள் பலவற்றுக்கு ஆகாது.

உணவு பற்றி ஒரு சொல். வெறும் பாற்சோறு உண்டு பூனை நலமாக வாழாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்னும் சத்தின்றி அதன் கண்ணும் நெஞ்சும் கெடும். வெங்காயமும், உலர்திராட்சையும், சாக்லேட்டும், வெந்த கோழியெலும்பும் நாய்க்கு விலக்கத்தக்கன.

முடிவுரை

மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை பொருட்செலவை வேண்டுவன அல்ல; ஒழுங்கையே வேண்டுவன. நாள்தோறும் மயிரை வாரிப் பார்த்தல், மலத்தை அகற்றுதல், படுக்கையை உலர்த்துதல், உரிய நாளில் ஊசியும் மருந்தும் தருதல் என்பவற்றை ஒரு சிறுவனும் செய்யக்கூடும். சென்னையில் 1903-ஆம் ஆண்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. இன்று அரசினர் கால்நடை மருந்தகங்கள் சிற்றூர்களிலும் உள்ளன. அவற்றை நாடாதது நம் சோம்பலேயன்றி வேறன்று.

நோயுற்றதென்று தெருவில் விடப்பட்ட நாய் மறைந்துபோவதில்லை. அது ஊசியும் மருந்துமின்றித் தெருவில் அலைந்து, உண்ணியையும் புழுவையும் பிறர் வாயிலில் விதைக்கின்றது. வெறிகொண்ட நாயாற் கடியுண்டால், ஒருநாள் பள்ளி செல்லும் பிள்ளையொன்றைக் கடிக்கவும் கூடும். நாம் துறந்த கடமை அயலான் தலையில் விழுகின்றது. ஆதலின், நண்பர்களே, நம்மை நம்பி வாயிலிற் கிடக்கும் அவ்வாயில்லாப் பிராணியைக் காப்போமாக; அதனைக் காத்தலே நம் இல்லத்தையும் அயலையும் காத்தலாகும்.