தோட்டக் குளத்தில் தண்ணீர் நிற்கவில்லையா? அடியைத் தோண்டும் முன் ஓரத்தைப் பாருங்க!

சனிக்கிழமை சாயங்காலம் விளிம்பு வரை நிரப்பிய குளம். திங்கள்கிழமை காலையில் பார்த்தால் இரண்டு அங்குலம் காணோம். ஓரத்தில் கறுப்பு ஷீட் பல்லிளிக்கிறது. "அடியில எங்கேயோ ஓட்டை. மொத்தத்தையும் பேர்த்துட்டு புது ஷீட் போட்டுடலாம்" என்பதுதான் பெரும்பாலும் முதலில் வரும் யோசனை.

கொஞ்சம் பொறுங்க. லைனர் ஷீட் போட்ட வீட்டுத் தோட்டக் குளங்களில் தொல்லை அடிக்கடி ஆரம்பிக்கும் இடம் அடித்தளம் அல்ல, ஓரம். அதைச் சரிசெய்யாமல் புது ஷீட் போட்டால், அதுவும் அதே இடத்தில் கிழியும். அழகுக்கு என்று நினைத்து நாம் வைக்கும் ஓரக்கல், உண்மையில் ஷீட்டின் பாதுகாவலன். அதை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் குளத்தின் ஆயுள் இருக்கிறது.

கசிவா, ஆவியா? ஒரு பக்கெட் போதும்

தண்ணீர் குறைந்தாலே லீக் என்று அர்த்தமில்லை. கோடை வெயிலில் ஆவியாகியே தினமும் சில மில்லிமீட்டர் இறங்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை: குளத்தின் உள்படியில் ஒரு பக்கெட்டை வைத்து, வெளியே உள்ள அதே மட்டத்துக்கு உள்ளேயும் தண்ணீர் நிரப்புங்கள். இரண்டு மட்டத்தையும் குறித்து வைத்து, மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மீன்கள் அதிகம் இருந்தால் ஏர் பம்ப் மட்டும் ஓடட்டும்.

இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவி. குளம் மட்டும் அதிகமாக இறங்கினால் கசிவு. மோட்டார் ஓடும்போது மட்டும் குறைந்தால், கோளாறு ஷீட்டில் இல்லை. குழாயிலோ செயற்கை அருவியிலோ இருக்கிறது.

கசிவுதான் என்றால், தண்ணீர் நிரப்பாமல் விட்டுப் பாருங்கள். மட்டம் எங்கே இறங்கி நிற்கிறதோ, ஓட்டை அந்த உயரத்தில் இருக்கிறது. விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்திலேயே நின்றுவிட்டால், குற்றவாளி ஓரம்தான்.

ஓரம் ஏன் முதலில் போகிறது?

அடியில் இருக்கும் ஷீட்டின் மேல் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. அதனால் வெயில் நேரடியாகப் படாது. ஓரத்தின் நிலைமை வேறு. பி.வி.சி. ஷீட் வெயிலில் காயக் காய மென்மை இழந்து, மடித்தால் வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். மேலே வைத்த கல் ஆடினால், அதன் கூர்முனை ஷீட்டை அரைக்கும். கல்லின் அடியில் மண் இறங்கினால் ஷீட்டும் கூடவே இறங்கும். அந்தத் தாழ்வான இடம் வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் வெளியேறும்.

இன்னொன்று, கண்ணுக்கே தெரியாதது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, ஷீட்டைத் தாண்டி உள்ளே தொங்கும் புல்லும், தண்ணீரைத் தொடும் தோட்ட மண்ணும் நீரை வெளியே உறிஞ்சும். ஷீட்டில் ஓட்டையே இல்லாமல் குளம் வற்றுவது இப்படித்தான்.

ஒட்டுப் போடலாமா? மாற்றணுமா?

ஷீட்டின் ஓரத்தை மடித்துப் பாருங்கள். மென்மையாக மடங்கினால், ஓட்டையைச் சுத்தம் செய்து, காய வைத்து, அந்த ஷீட்டுக்கான பசையால் ஒட்டினால் போதும். மடிப்பில் கீறல் விழுந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

புதிதாக வாங்கும்போது, வளைவும் படிகளும் உள்ள சின்னக் குளத்துக்கு இ.பி.டி.எம். என்ற ரப்பர் ஷீட் வசதி. அது இழுபடும், வெயிலையும் நன்றாகத் தாங்கும். பண்ணைக் குட்டைகளுக்குப் போடும் ஹெச்.டி.பி.இ. ஷீட் உறுதியானது, ஆனால் விறைப்பானது. சின்ன வளைவுகளில் மடிக்கச் சிரமம்.

அளவு எடுப்பது எப்படி? நீளத்தோடு ஆழத்தின் இரு மடங்கையும், இரண்டு பக்கமும் ஓரத்துக்கு ஒவ்வோர் அடியையும் கூட்டுங்கள். அகலத்துக்கும் அதே கணக்கு. 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்றால் 16-க்கு 12 அடி ஷீட் தேவை. உள்ளே படிகள் இருந்தாலும் இதே கணக்குதான். காசை மிச்சப்படுத்த ஓரத்துக்கான அந்த ஒரு அடியில் கை வைக்காதீர்கள். கல்லைத் தாங்கப் போவதே அந்த அடிதான்.

முதலில் மீன்கள்

நிழலில் ஒரு பெரிய தொட்டி, அதில் புதுத் தண்ணீர் அல்ல, குளத்துத் தண்ணீர், கூடவே ஏர் பம்ப். மீன்கள் துள்ளாமலிருக்க மேலே வலை. முடிந்த அளவு பழைய தண்ணீரைச் சேமித்து, மீண்டும் நிரப்பும்போது கலந்துகொள்ளுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ வேண்டாம். மீன் கழிவில் உருவாகும் அம்மோனியாவை மாற்றித் தரும் நல்ல பாக்டீரியாக்கள் அதில்தான் இருக்கின்றன. அதில் உள்ள குளோரின் அவற்றையும் கொல்லும், மீன்களின் செவுள்களையும் பாதிக்கும்.

ஷீட் விரிக்கும் வரிசை

பழைய ஷீட்டை எடுத்த பிறகு குழியைக் கையால் தடவிப் பாருங்கள். கூரான கல், வேர் எதுவும் இருக்கக்கூடாது. மேலே இரண்டு அங்குலம் மணல் அல்லது ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கலாம். சணல் சாக்கு வேண்டாம். மக்கிப்போய் அடியில் வெற்றிடம் உண்டாகும்.

அடுத்தது மட்டம். குளத்தின் நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தால் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தாலும், எதிர்ப்பக்கம் ஓர் அங்குல ஷீட் வெளியே தெரிந்துகொண்டே இருக்கும்.

ஷீட்டைக் கொஞ்ச நேரம் வெயிலில் போட்டால் இளகும். பிறகு குழியில் தளர்வாக விரித்து, மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். 10-க்கு 6 அடி, 2 அடி ஆழக் குளத்தில் அதிகபட்சம் சுமார் 3,400 லிட்டர் பிடிக்கும். அதாவது 3.4 டன் எடை. அந்த எடையே ஷீட்டை மண்ணோடு சேர்த்து அழுத்திவிடும். நிரம்பி, ஷீட் படிந்து, குறைந்தது ஒரு நாள் கழித்துத்தான் ஓரத்தை வெட்ட வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே வெட்டினால், தண்ணீர் ஏற ஏற ஷீட் உள்ளே வழுக்கிப் போய்விடும்.

இப்போது கல்

இதே அளவுக் குளத்தைச் சுற்றி 32 அடி ஓரம் வரும். ஓர் அடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் கருங்கல் பலகை வைத்தால் மொத்த எடை சுமார் 400 கிலோ. அதை வெறும் தோட்ட மண்ணில் வைத்தால் ஒரே மழையில் சரியும். எனவே ஓரத்தைச் சுற்றி மண்ணைக் கெட்டித்து, ஜல்லி அல்லது மெல்லிய கான்கிரீட் பட்டை போடுவது அவசியம்.

அந்தப் பட்டையின் மேல் ஷீட், அதன் மேல் துண்டு ஷீட் அல்லது துணி, அதற்கு மேல்தான் கல். கல்லின் பெரும்பகுதி திடமான தரையில் இருக்க, ஓரிரண்டு அங்குலம் மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த நிழல் ஷீட்டை வெயிலிலிருந்து காக்கும். கல்லுக்குப் பின்னால் ஷீட்டின் நுனியைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி நிறுத்துங்கள். திரி போல் நீர் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது இந்த ஒரு மடிப்புதான்.

சிமென்ட் கலவை ஷீட்டில் ஒட்டாது. அது கல்லையும் கல்லையும் பிணைக்க மட்டுமே. கலவை தண்ணீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுச் சிமென்ட்டிலிருந்து கரையும் சுண்ணாம்பு, நீரின் காரத்தன்மையை ஏற்றி மீன்களைக் கொல்லக்கூடும். கலவை இறுகிய பிறகு தண்ணீரை மாற்றிவிட்டு, அடுத்து மீன் விடுவதே பாதுகாப்பு.

எந்தக் கல் நல்லது?

கருங்கல்லும் கூழாங்கல்லும் பெரும்பாலும் தண்ணீரோடு வம்பு செய்யாதவை. கடப்பா கல் பார்க்க அழகு, பலகையாகவும் கிடைக்கும். ஆனால் அது சுண்ணாம்புப் பாறை. தண்ணீரில் மூழ்கியிருந்தால் மெல்லக் கரைந்து கடினத்தன்மையைக் கூட்டும். ஏற்கெனவே உப்புத் தண்ணீர் போர்வெல் உள்ள வீடுகளில் இது கூடுதல் சுமை. சந்தேகமா? கல்லின் மேல் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. அதை மேல் ஓரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பளபளப்பாக பாலிஷ் செய்த கல் ஓரத்துக்கு வேண்டவே வேண்டாம், ஈரத்தில் வழுக்கும்.

எப்போது செய்வது?

வடகிழக்குப் பருவமழை முடிந்து நிலம் வடிந்த பிறகு, ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் நல்ல நேரம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்தால், காலிக் குளத்தின் ஷீட்டைக் கீழிருந்து பலூன் மாதிரி தூக்கிவிடும். தோட்டத்தின் மழைநீர் உள்ளே ஓடி வராதபடி ஓரத்தைத் தரையைவிட இரண்டு அங்குலம் உயர்த்தி, நிரம்பி வழிய ஒரு குழாயும் வைத்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது அடியில் தேங்கும் கொஞ்சத் தண்ணீரையும் விட்டுவைக்கக்கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டைகள் காய்ந்த சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், பழைய கற்களைத் தேய்த்துக் கழுவி வைப்பது நல்லது.

"மாடியிலேயும் இப்படி ஒண்ணு வைக்கலாமா?" என்று கேட்பவர்களுக்கு: இரண்டு அடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் கனக்கும். வீட்டுத் தளங்கள் பொதுவாக 200 கிலோ அளவிலான பயன்பாட்டுச் சுமைக்கே வடிவமைக்கப்படுகின்றன. பொறியாளரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

கடைசியாக ஒரு சோதனை. வேலை முடிந்ததும் ஒவ்வொரு ஓரக்கல்லின் மேலும் ஏறி நின்று பாருங்கள். ஒரு கல் ஆடினாலும் கொத்தனாரை அனுப்பிவிடாதீர்கள். ஆடும் கல் நாளைக்கு ஷீட்டைக் கிழிக்கும். அதைவிட முக்கியம், மீன் பார்க்க ஓடி வரும் குழந்தை முதலில் கால் வைப்பது அந்தக் கல்லில்தான். சின்னக் குழந்தைகள் மூழ்க இரண்டு அடித் தண்ணீர்கூடத் தேவையில்லை. குழந்தைகள் உள்ள வீட்டில் கல் வேலையோடு சேர்த்தே உறுதியான கம்பி வலைக்கும் பட்ஜெட் போட்டுவிடுங்கள்.