பாடும் படியும்

பழவேற்காட்டு ஏரியின் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் வழக்குப் 'பாடு' எனப்படும். உரியோர் இன்னார் என வரையறுத்துச் சீட்டிட்டு முறை வகுப்பர்.

அறிவியலிலும் இத்தகு பொதுவளம் உண்டு. செருமனியின் மாக்சு பிளாங்கு நிறுவனத்தாரும் பெங்களூர்த் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தாரும் பிறரும் கூடிப் பழ ஈயின் மரபணுத் துண்டுகளைப் பாக்டீரியத்துள் ஏற்றி, ஒளிரும் புரதக் குறியிட்டு, ஏறத்தாழ 10,000 குளோன்கள் கொண்ட தொகுதியை 2016-இல் வெளியிட்டனர். ஆய்வாளர் தனித்தனியே அவற்றை ஆக்கும் உழைப்பு இதனால் தவிர்ந்தது.

எனினும் இவ்விரண்டும் ஒன்றெனல் பொருந்தாது. மீன் பிடிக்கப் பிடிக்கக் குறையும். ஆதலின் பாடு உரியோரை வரையறுக்கின்றது. குளோனோ பாக்டீரியம் பெருகுந்தோறும் தானும் பெருகும். ஆதலின் யாவர்க்கும் வழங்கல் கூடும். ஆயினும் பேணுவாரின்றி இரண்டும் நில்லா. 'பொது' என்பது உரிமையோடு கடமையும் ஆதல் இதனாற் பெறப்படும்.