கெடு தாண்டும் கிரயங்கள்

ஆவணியில் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடு வைத்து எழுதப்படும் கிரய ஒப்பந்தங்கள் கார்த்திகையில் முதிர்கின்றன. மார்கழி பிறந்துவிட்டால் பத்திரம் பதிவதற்கோ புதுமனை புகுவதற்கோ நம்மவர்களில் பெரும்பாலோர் மனம் ஒப்புவதில்லையாதலால், கார்த்திகையின் பிற்பகுதியில் நமக்கு வந்து குவியும் கடிதங்களில் ஒரே விதமான பதற்றம் காணப்படுகிறது. வீட்டை விற்க ஒப்புக்கொண்டவர் முதலில் தங்கையின் கையெழுத்து வரவேண்டும் என்றாராம். பிறகு பாங்கியில் அடமானமாக இருக்கும் மூலப்பத்திரத்தை மீட்கவேண்டும் என்றாராம். கடைசியில் மார்கழி கழியட்டும், தையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் முதல் வீடு வாங்குகிறவர்கள். இரண்டாவது வீடு வாங்குகிறவர்கள் பத்திரிகைக்கு எழுதுவதில்லை. நேரே வக்கீல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. கடிதங்களில் காணும் குழப்பம் வேறு. அவற்றை எழுதியவர்கள் இரண்டு நம்பிக்கைகளை உறுதியாகப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள்: தாமதம் செய்பவர் விற்பவராதலால் சட்டம் தானாகவே நம் பக்கம் நிற்கும் என்பது ஒன்று, வழக்குப் போட மூன்று வருஷ அவகாசம் இருக்கும்போது அவசரம் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டும் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி வீட்டை இழந்தவர்களின் கதைகள் தீர்ப்புத் திரட்டுகளில் ஏராளம்.

பதிவுத் துறையோ, முகூர்த்த நாள் நெருங்கும்போதெல்லாம் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் அளித்திருப்பதாக அறிக்கை விடுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் டோக்கன் கிடைத்தும் பத்திரம் முடிக்க விற்பவர் வரவில்லை என்பதல்லவா நம் வாசகர்களின் வழக்கு!

இந்த விவகாரத்தின் உயிர்நிலை 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில், 16ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவில் ஒளிந்திருக்கிறது. ஒப்பந்தப்படி கிரயம் எழுதித்தருமாறு விற்பவருக்கு உத்தரவிடக் கோரி நியாயஸ்தலத்துக்கு வருகிற வாதி, தன் பங்குக்கான கடமையை நிறைவேற்றத் தான் எப்போதும் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்ததாக நிரூபித்தாக வேண்டும் என்கிறது அந்த விதி. தயார் என்பது பணபலம்; விருப்பம் என்பது நடத்தை. இரண்டும் ஒப்பந்தத் தேதியில் மட்டும் இருந்தால் போதாது. வழக்கு முடிகிறவரையில் அறுபடாமல் இருந்து வரவேண்டும் என்று நீதிமன்றங்கள் மீண்டும் மீண்டும் சொல்லியிருக்கின்றன. ஆக, தாமதித்தவர் விற்பவராயினும் குறுக்கு விசாரணையில் வியர்க்கப் போகிறவர் வாங்குபவரே.

இந்த விதி அநியாயமானதென்று சட்டென்று தோன்றும். அது பிறந்த காரணத்தை அறிந்தால் அதன் சாமர்த்தியம் விளங்கும். 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த மதுரை வழக்கொன்றைப் பாருங்கள். 1978 டிசம்பரில் ஒரு வீட்டுக்கு 60,000 ரூபாய் விலை பேசி, 5,000 ரூபாய் முன்பணம் கொடுத்து, ஆறு மாதத்தில் பாக்கியைச் செலுத்திக் கிரயம் செய்துகொள்வதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன்பின் ஏறக்குறைய இரண்டரை வருஷம் வாங்குபவர் தரப்பிலிருந்து எழுத்து மூலமாக ஓர் அசைவும் இல்லை. 1981 ஜூலையில்தான் நோட்டீஸ் போயிற்று. அதற்குள் மதுரையில் வீட்டு விலை எங்கோ ஏறிவிட்டிருந்தது. சொற்பமான முன்பணத்தைக் கொடுத்து ஒரு சொத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, விலை ஏறினால் வழக்காடுவதும் இறங்கினால் விலகிக்கொள்வதுமாக இருக்க ஒருவரை அனுமதிக்கலாகாது என்ற கவலை அந்தத் தீர்ப்பின் அடியோட்டம். ஸ்தாவர சொத்து ஒப்பந்தங்களில் கெடுவே ஜீவநாடி என்று அனுமானித்துக்கொள்ள முடியாது என்னும் பழைய கோட்பாட்டை, 1992இல் அரசியல் சாசன அமர்வே உறுதிசெய்திருந்தது. அப்படியிருந்தும், விலைவாசி தாவிக்கொண்டிருக்கும் நகரங்களுக்கு அதை அப்படியே பொருத்துவது சரியா என்று நீதிபதி பி. பி. ஜீவன் ரெட்டி அத்தீர்ப்பில் கேட்டார். வாதிக்கு வீடு கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்தே போன இன்னொரு வழக்கில், 2011இல், நீதிபதி ஆர். வி. ரவீந்திரன் இதை மேலும் இறுக்கினார். காலவரையறைச் சட்டத்தின் 54ஆம் இனம் மூன்று வருஷம் தருகிறது என்பதற்காக, வாங்குபவர் ஒன்றிரண்டு வருஷம் சும்மா இருந்துவிட்டு வந்து வழக்கில் ஜயிக்கலாம் என்று பொருளில்லை என்றார். மூன்று வருஷம் என்பது நியாயஸ்தலத்தின் கதவு சாத்தப்படும் நேரமே தவிர, உள்ளே போனவருக்கு நியாயம் கிடைக்கும் என்ற உறுதிமொழி அன்று. அந்த மூன்று வருஷமும், ஒப்பந்தத்தில் தேதி குறித்திருந்தால் அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்; தேதி இல்லாதபோதுதான், விற்பவர் மறுத்துவிட்டார் என்று தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

ஆகவே இது சூதாட்ட மனம் படைத்த வாங்குபவரைத் தடுக்க வைத்த வேலி. என் மனத்தை உறுத்துவது, அந்த வேலி இன்று யாரைக் குத்துகிறது என்பதே. சம்பளக்காரர் ஒருவர் 60 லட்சம் ரூபாய்க்கு வீடு பேசி, 6 லட்சம் கொடுத்துவிட்டு, பாக்கியில் பெரும்பகுதியைப் பாங்கிக் கடனாக எதிர்பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தயார்நிலை அவர் கணக்கில் பணமாக இல்லை. பாங்கி கொடுத்த கடன் அனுமதிக் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்குப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் வரைதான் ஆயுள். பத்திரப் பதிவன்று அல்லாமல் பாங்கி பணம் தராது. விற்பவர் வராமல் பத்திரப் பதிவு இல்லை. விற்பவர் வராத ஒவ்வொரு மாதமும் கடிதத்தின் ஆயுள் குறைகிறது. கைச்சேமிப்போ, குடியிருக்கும் வீட்டு வாடகைக்குக் கரைகிறது. ஒரு வருஷம் கழித்து, விற்பவரின் வக்கீல் கூண்டருகே வந்து, 'இன்ன தேதியில் உம்மிடம் பணம் இருந்ததா?' என்று கேட்கும்போது, இல்லை என்பதே உண்மையான பதிலாக இருக்கும். தாமதித்தவனே தன் தாமதத்தால் எதிராளியின் தயார்நிலையைக் கரைத்து, அது கரைந்துபோனதையே தன் வாதமாக்கிக்கொள்ளும் விசித்திரம் இது.

2018ஆம் ஆண்டுத் திருத்தம் இதையெல்லாம் சீர்செய்துவிட்டதாக அரசுத் தரப்பில் பெருமையோடு சொல்லப்பட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்ற உத்தரவிடுவது நீதிபதியின் விருப்புரிமையாக இருந்த நிலை மாறி, சட்டத்தில் சொன்ன விலக்குகள் நீங்கலாக அது கட்டாயம் ஆயிற்று என்பது மெய். சம்மன் சேர்ந்த பன்னிரண்டு மாதத்தில் வழக்கு முடியவேண்டும், மேற்கொண்டு ஆறு மாதத்துக்கு மேல் நீட்டலாகாது என்றும் எழுதியிருக்கிறார்கள். கீழ்க்கோர்ட்டின் தினசரி வழக்குப் பட்டியலை ஒருமுறையேனும் பார்த்தவர்கள் இதைப் படித்துப் புன்னகை செய்வார்கள். ஆனால் முக்கியம் அதுவல்ல. தயாராக இருந்ததாக வாதி மனுவில் சொல்லவும் வேண்டும், நிரூபிக்கவும் வேண்டும் என்றிருந்த பழைய வாசகத்தில், சொல்லவேண்டும் என்பதை மட்டும் நீக்கினார்கள். நிரூபிக்கும் பாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

எனவே கெடு முடிவதற்குள் வாங்குபவர் செய்யவேண்டிய காரியம், விற்பவரைக் கெஞ்சுவதைவிட, தனக்குச் சாட்சியத்தைச் சேர்ப்பது. சட்டம் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிட்டு வா என்று சொல்லவில்லை. நீதிமன்றம் உத்தரவிட்டாலன்றி அதற்கு அவசியமில்லை என்று அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. வழிவகை இருந்தது என்று காட்டினால் போதும். கடன் அனுமதிக் கடிதம் காலாவதியாகுமுன் புதுப்பித்து, பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பங்குப் பணம் கணக்கில் இருந்ததற்கு மாதாமாதம் பாங்கி அறிக்கை எடுத்துவைக்க வேண்டும். கெடுவுக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே, 'பாக்கித் தொகை தயார். இன்ன தேதியில் இன்ன சார்பதிவாளர் அலுவலகத்துக்கு மூல ஆவணங்களோடு வரவும்' என்று, சேர்ந்ததற்கான அத்தாட்சி கிடைக்கும் வகையில் தபாலில் எழுதவேண்டும். அந்தத் தேதியில் தாமும் போய் நிற்கவேண்டும். விற்பவர் வரமாட்டார் என்று தெரிந்திருந்தாலும் போகவேண்டும். உறவும் நட்புமாகப் பேசி முடித்த வியாபாரத்தில் நோட்டீஸ் அனுப்புவது அழகல்ல என்று கூசுகிறவர்கள் நம்மில் பலர். மதுரை வழக்கின் இரண்டரை வருஷ மௌனத்துக்கு நீதிமன்றம் கொடுத்த அர்த்தத்தை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

தாமதத்தின் காரணத்தைப் பொறுத்தும் நடத்தை மாறவேண்டும். அடமானத்தை மீட்பதும், வெளியூரில் உள்ள தங்கையின் அதிகாரப் பத்திரம் வருவதும், தாமதமானாலும் முடிவுள்ள காரியங்கள். அவற்றுக்கு அவகாசம் கொடுக்கலாம். ஆனால் கொடுக்கிற அவகாசத்தை ஒப்பந்தத்தின் பின்புறத்திலோ தனித்தாளிலோ புதிய தேதியோடு எழுதி இரு தரப்பும் கையெழுத்திடாவிட்டால், போனில் சொன்ன தை மாதம் சட்டத்தின் பஞ்சாங்கத்தில் கிடையாது. தங்கை பாகம் கேட்கிறாள் என்பது வேறு ரகம். அது தாமதமல்ல, உரிமைத் தகராறு. காரணமே சொல்லாமல் நாள் கடத்துகிறவரிடம் இன்னொருவர் அதிக விலை சொல்லியிருக்கிறார் என்று கொள்வதே விவேகம்.

அந்த இன்னொருவர் விஷயத்தில்தான் ஒப்பந்தப் பதிவு உதவுகிறது. 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம். ஆயினும் செலவுக்கு அஞ்சி முத்திரைத்தாளில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்கிறவர்களே அதிகம். பதியாத ஒப்பந்தத்தையும் இத்தகைய வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லிவிட்டது. ஆனால் வில்லங்கச் சான்றிதழ் என்பது, துறையினர் உணர்த்துவதுபோல் சொத்தின் முழு ஜாதகம் அன்று. பதிவானவற்றின் ஜாபிதா மாத்திரமே. உங்கள் பதியாத ஒப்பந்தம் அதில் தெரியாது. தெரியாமல் வாங்கினேன் என்று, முழு விலையும் கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாமவர் சொன்னால், அவரை அசைப்பது கடினம்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வாட்ஸ்அப் செய்திகள் செல்லுமா? உரிய சான்றுரையோடு தாக்கல் செய்தால் செல்லும், அழித்துவிடாதீர்கள்.

விற்பவர் இடையில் காலமாகிவிட்டால்? ஒப்பந்தம் வாரிசுகளைக் கட்டுப்படுத்தும்.

இரட்டிப்பு முன்பணம் தருகிறேன், விலகிக்கொள் என்கிறார், ஏற்றாக வேண்டுமா? விற்பவர் விரும்பினால் பணம் கட்டித் தப்பலாம் என்று ஒப்பந்தமே இடங்கொடுத்தாலன்றி, வேண்டியதில்லை.

வழக்குச் செலவு? கிரயத் தொகையின் மீது 3 சதவீதம் கோர்ட்டுக் கட்டணம், வக்கீல் பீஸ் தனி.

வீடு கிடைக்காவிட்டால் முன்பணமாவது திரும்புமா? வழக்கு மனுவில் மாற்றுப் பரிகாரமாகக் கேட்டிருந்தால்தான்.

கட்டுமான நிறுவனம் தாமதித்தால்? அது வேறு சட்டம், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். அதன் 18ஆம் பிரிவின்படி மாதாமாத வட்டியோ, விலகினால் வட்டியோடு பணமோ கேட்கலாம்.

வழக்கே வேண்டாம், சமாதானமாக விலகிவிடலாமா? தாராளமாக, ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதை ரத்துசெய்யும் பத்திரமும் பதிவாக வேண்டும், முழுப் பணமும் உங்கள் கணக்கில் ஏறுமுன் அதில் கையெழுத்திட வேண்டாம்.