மீன் தொட்டிக்கு சிஓ2: எது உண்மையில மலிவு?

செடி வச்ச மீன் தொட்டி வாங்கிட்டீங்களா? அடுத்த செலவு சிஓ2.

சர்க்கரை–ஈஸ்ட் பாட்டில்: முதலீடு ரொம்பக் கம்மி. ஆனா வாயு சீரா வராது, ராத்திரி நிறுத்த முடியாது, சில வாரத்துக்கு ஒருமுறை மாத்தணும்.

சிட்ரிக் ஆசிட்–ஆப்ப சோடா: வால்வு வச்சுக் கட்டுப்படுத்தலாம். பொடிச் செலவு தொடரும்.

சிலிண்டர்: ரெகுலேட்டர், டைமர்னு முதல்லயே பெரிய தொகை. பிறகு ரீஃபில் மட்டும்.

கூடுதல் முதலீட்டை, மாசம் மிச்சமாகும் தொகையால வகுங்க. அத்தனை மாசம் இந்த ஆர்வம் நிலைக்குமா? சந்தேகம்னா இ.எம்.ஐ. போட்டு சிலிண்டர் வாங்காதீங்க.

எதுவானாலும் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம்தான் வழக்கமான வரம்பு. ரொம்ப ஏறினா மீன் மூச்சுத்திணறிச் சாகும். டிராப் செக்கர் பச்சையா இருக்கணும்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மட்டும்தானா? அப்போ இந்தச் செலவே தேவையில்லை.