ராஜா கொடுத்த வாக்கும் கரகம் போகும் வழியும்

பெங்களூர் ஆடுகோடியில் பூக்கடை வைத்திருப்பவனுக்கு எல்லா மதத்துப் பண்டிகையும் தானாக மனப்பாடம் ஆகிவிடும். வியாழக்கிழமை தர்காவுக்குப் பூச்சாதர், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு மாலை. நவம்பர் 2 கல்லறைத் திருநாள் வந்தால் ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குச் சேவந்தியும் சுகந்தராஜாவும் கூடை கூடையாகப் போகும். மைசூர் ரோட்டிலுள்ள யூதர் கல்லறைக்கு மட்டும் என் பூ போனதில்லை. அவர்கள் இறந்தவர் தலைமாட்டில் சின்னக் கல் ஒன்றை வைத்துவிட்டு வருகிறவர்கள்.

பூ வாங்க விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டில் நிற்க வேண்டும். பழைய கோட்டைக்கும் பேட்டைக்கும் நடுவில் இருக்கிற இடம் அது. 1791 மார்ச் 7 அன்று வெள்ளைக்காரத் தளபதி காரன்வாலிஸின் படை பேட்டையைப் பிடித்தது. 21ஆம் தேதி இரவு கோட்டைச் சுவரை உடைத்து ஏறியது. திப்புவின் கோட்டைத் தளபதி பகதூர் கான் சண்டையிலேயே செத்தார். அதற்கு முன்பும் இந்த ஊர் பல கை மாறியதுதான். 1537இல் கெம்பே கவுடா கட்டியதை 1638இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது. 1687இல் மொகலாயர் பிடித்தார்கள். அவர்களிடமிருந்து மைசூர் ராஜா மூன்று லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். பிறகு ஹைதர், திப்பு, கடைசியில் வெள்ளைக்காரன்.

இப்படி ஊர் கை மாறும்போது தோற்றவர்களின் சாமி என்ன ஆகும்? இதற்கு ஸ்பெயினில் எழுநூற்றுச் சொச்சம் வருஷக் கதை இருக்கிறது. 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம் படை அங்கே இறங்கியது. கிறிஸ்தவரும் யூதரும் ஜிஸ்யா வரி கட்டிவிட்டுத் தங்கள் வழிபாட்டை வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. சம உரிமை கிடையாது. ஆனால் வாழ இடம் உண்டு. பிறகு வடக்கிலிருந்து கிறிஸ்தவ அரசர்கள் ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்: 1085இல் டொலேடோ, 1236இல் கோர்தோபா, 1248இல் செவில்யா. டொலேடோவில் யூதரும் கிறிஸ்தவரும் சேர்ந்து உட்கார்ந்து அரபு நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார்கள். கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசலோ, பிடித்த கையோடு தேவாலயம் ஆனது. கோர்தோபாவையும் செவில்யாவையும் பிடித்த மூன்றாம் ஃபெர்னாண்டோ செவில்யாவில் அடக்கமாகியிருக்கிறார். அவர் புகழை லத்தீன், காஸ்டிலியன், அரபு, எபிரேயம் என நான்கு மொழியில் அங்கே பொறித்திருக்கிறார்கள். வென்றவன் பெருமையைத் தோற்றவனும் தன் எழுத்திலேயே படிக்க வேண்டும்!

கடைசியில் முஸ்லிம்கள் கையில் மிஞ்சியது கிரானடா. 1491 நவம்பரில் ஒப்பந்தம் எழுதினார்கள். பள்ளிவாசலைத் தொட மாட்டோம், உங்கள் வழக்கை உங்கள் காஜியே தீர்க்கலாம், யாரையும் கட்டாயமாக மதம் மாற்ற மாட்டோம் என்று ராஜாவும் ராணியும் வாக்குக் கொடுத்தார்கள். 1492 ஜனவரி 2 அன்று ஊர் அவர்கள் கைக்கு வந்தது. மார்ச் 31 அன்று யூதர்களை நாட்டைவிட்டே துரத்தும் ஆணை பிறந்தது. முஸ்லிம்களுக்கு 1499 முடிவில் கட்டாய ஞானஸ்நானம் தொடங்கியது. 1502இல் காஸ்டில் முழுவதற்கும் 'மாறு, இல்லாவிட்டால் போ' என்றார்கள். பத்து வருஷம்கூட அந்தத் தாள் தாங்கவில்லை. துரத்தப்பட்ட யூதர்களில் சிலர் அலைந்து அலைந்து கொச்சி வரைக்கும் வந்தார்கள். அங்கே ராஜா தன் அரண்மனையை ஒட்டி நிலம் கொடுத்தார். 1568இல் எழும்பிய அவர்கள் ஜெப ஆலயத்தை இன்றும் மட்டாஞ்சேரியில் பார்க்கலாம்.

கிரானடா ஒப்பந்தம் ஏன் தோற்றது? எழுதிக் கொடுத்தவரும் வென்றவர், அதைக் காக்க வேண்டியவரும் அதே வென்றவர். அவர் மீறினால் கேட்க ஆளில்லை. ராஜாவின் மனசை நம்பி இருப்பதில் உள்ள ஆபத்து இதுதான். நம் திப்புவையே பாருங்கள். 1791இல் மராட்டியப் படை சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, வருந்திக் கடிதம் எழுதிப் பணமும் அனுப்பினார். அதே திப்புதான் 1784இல் மங்களூர்க் கத்தோலிக்கர்களைச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திக்கொண்டு போனார்.

ராஜாவின் ஆணை எதுவும் இல்லாமலே நடக்கிற ஒன்றும் எங்கள் ஊரில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி இரவு திகளர்பேட்டை தர்மராய சுவாமி கோயிலிலிருந்து திரௌபதியின் கரகம் புறப்படும். திகளர்கள் பரம்பரைத் தோட்டக்காரர்கள். தமிழ்நாட்டு வேர் உள்ளவர்கள். பெண் வேடம் கட்டிய பூசாரி தலையில் மல்லிகை மூடிய கரகம். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள். மல்லிகை விலை அந்த வாரம் எங்களைக் கேட்காமலே ஏறும். அந்தக் கரகம் காட்டன்பேட்டை தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய் மரியாதை வாங்கிக்கொண்டுதான் மேலே நடக்கும். ஹைதர் கோட்டை கட்டியபோது கல் சுமந்துவிட்டுக் கூலி வாங்காமல் போனவர் அந்த மஸ்தான் என்று பேட்டையில் சொல்வார்கள்.

இந்த ஊர் சாது என்று சொல்ல வரவில்லை. 1991இல் காவிரியின் பேரால் தமிழர் வீடுகள் எரிந்தன. 1994இல் டிவியில் உருதுச் செய்தி வாசித்ததற்குக் கலவரம் நடந்து உயிர்கள் போயின. 2022இல் கரகம் தர்காவுக்குப் போகக் கூடாது என்றும் சிலர் கிளம்பினார்கள். தர்காவிலிருந்து பெரியவர்கள் கோயிலுக்கே போய் அழைத்தார்கள். கோயில் கமிட்டி, பழைய வழிதான் என்றது. கரகம் காட்டன்பேட்டைக்குப் போனது.

கிரானடாவின் வாக்கை உடைக்க ஒரு ராஜாவின் கையெழுத்து போதுமாக இருந்தது. கரகம் தர்காவுக்குப் போவதை நிறுத்த வேண்டுமென்றால் அழைக்கிறவர், போகிறவர், வழியில் விளக்கேற்றிக் காத்திருக்கிறவர் என எத்தனையோ பேர் மனசு மாற வேண்டும். மாறவே மாறாது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. ஆனால் மாறினால், ராஜா செய்தார் என்று பழி போட இந்த முறை யாரும் இல்லை.