காய்ச்சலும் இனிப்பு நீரும்: இரத்தச் சோதனை சொல்லும் செய்தி



ஒரு சமயம் நம் பள்ளி மாணவி ஒருத்தியின் தாயார் கையில் ஒரு தாளுடன் பள்ளிக்கு வந்தார். செம்பனைத் தோட்டத்தில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த அவருடைய தந்தைக்கு இனிப்பு நீர் உண்டு. நான்கு நாளாகக் காய்ச்சலும் இருமலும். சாப்பாடு இறங்கவில்லை. "சாப்பிடாதவருக்கு மாத்திரை எதற்கு? சர்க்கரை தானாக இறங்கிவிடும்" என்று வீட்டார் மாத்திரையையும் நிறுத்திவிட்டனர். பிறகு டவுன் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். அந்தத் தாளில் 'சி.ஆர்.பி.' என்ற எழுத்துகளுக்கு எதிரே 96 என்றும், வழக்கமான அளவு 5-க்குக் கீழ் என்றும் அச்சிட்டிருந்தது. "சார், அப்பாவுக்கு இரத்தத்தில் நஞ்சு ஏறிவிட்டதா?" என்று கேட்டார். அன்று நமக்கும் அதற்கு விடை தெரியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி மட்டும் சொன்னோம். பெரியவர் பிழைத்தார். ஆனால் அந்தக் கேள்வி நம் மனத்தில் தங்கிவிட்டது. அதற்கு நாம் தேடிக் கண்ட விடையே இன்றைய உரை.

காலில் முள் தைத்தால் என்ன ஆகிறது? அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இதற்கு அழற்சி என்று பெயர். நம்மைக் காக்க உடல் நடத்தும் போர் இது. கிருமி நுரையீரலில் புகுந்தாலும் இதே போர்தான் நடக்கிறது. ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள் அல்லவா? உள்ளே பற்றிய நெருப்பை வெளியே காட்டும் புகையைத்தான் மருத்துவர்கள் இரத்தத்தில் தேடுகிறார்கள்.

அந்தப் புகைகளில் ஒன்றுதான் சி.ஆர்.பி. என்னும் புரதம். 1930-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்கபெல்லர் ஆய்வுக்கழகத்தில் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர், நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் இதைக் கண்டறிந்தனர். கிருமி நுழைந்ததும் வெள்ளை அணுக்கள் இன்டர்லூக்கின்-6 என்னும் இரசாயனத் தூதனை அனுப்புகின்றன. அந்தத் தூது ஈரலை எட்டியதும், ஈரல் சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்து இரத்தத்தில் விடுகிறது. சில மணி நேரத்திலேயே அளவு ஏறத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு நாளில் உச்சத்தை அடையும். நோய் தணிந்தால் விரைவாக இறங்கும். ஆகவே அது நஞ்சு அன்று, அறிவிப்பு மணி. மருத்துவர் ஒரு முறை பார்த்ததோடு நில்லாமல் மறுபடியும் மறுபடியும் இரத்தம் எடுப்பது, மணி ஓங்குகிறதா ஓய்கிறதா என்று அறியத்தான்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மட்டும் ஏன் கூடுதல் கவலை? லாலான் புல் காய்ந்து கிடக்கும் மேட்டில் ஒரு நெருப்புத் துண்டு விழுந்தால் போதும். இவர்களில் பலருடைய உடலும் அத்தகையதே. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு, நோய் இல்லாத நாளிலும் அழற்சித் தூதர்களைச் சிறிது சிறிதாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மிகுந்த சர்க்கரையால் வெள்ளை அணுக்களின் போர்த்திறனும் குறைகிறது. அந்த நேரத்தில் கிருமி வந்தால், அழற்சி இன்சுலினை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, ஏறிய சர்க்கரை போரை மேலும் சிக்கலாக்குகிறது. ஒன்றையொன்று வளர்க்கும் சுழல் இது. சாப்பிடாமல் படுத்திருந்தாலும் காய்ச்சலின்போது சர்க்கரை ஏறுவதற்கு இதுவே காரணம்.

கோவிட் காலத்தில் உலகமே இதைக் கண்டது. 2020-இல் சீனாவின் ஊஹான் நகரில் 174 நோயாளிகளை ஆராய்ந்தபோது, நீரிழிவு உள்ளவர்களின் இரத்தத்தில் இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி., பெரிட்டின், டி-டைமர் ஆகிய நான்கும் மற்றவர்களைவிட உயர்ந்திருந்தன. பெரிட்டின் என்பது இரும்புச் சத்தைச் சேமிக்கும் புரதம். அழற்சியில் அதுவும் கூடும். டி-டைமர் என்பது உறைந்த இரத்தக் கட்டி கரையும்போது உதிரும் துணுக்கு; அது மிகுந்தால் இரத்தம் உள்ளே உறைகிறதோ என்று ஐயுற வேண்டும்.

இந்த எண்கள் சிகிச்சைக்கும் வழிகாட்டின. பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்னும் மலிவான மருந்து செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020 ஜூன் மாதம் அறிவித்தது. ஆக்சிஜன் குறைந்து, சி.ஆர்.பி.யும் 75-ஐ எட்டியவர்களுக்கு இன்டர்லூக்கினைத் தடுக்கும் டொசிலிசுமாப் என்ற மருந்தும் உயிர் காத்தது என 2021-இல் தெரிந்தது. ஆனால் டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும். ஆகவேதான் மாத்திரை மட்டும் உண்டு வந்தவருக்கும் மருத்துவமனையில் சில நாள் இன்சுலின் ஊசி போட நேர்ந்தது. "ஊசி போட்டதால்தான் நோய் முற்றியது" என்று எண்ணுவது தவறு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நெருப்பு உண்டு என்று புகை சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது. சி.ஆர்.பி. ஏறியதற்குக் கிருமிக் காய்ச்சலும் காரணமாகலாம். காலில் ஆறாத புண்ணும் காரணமாகலாம். ஆதலால் பாதத்தில் காயம் இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். டிங்கிக் காய்ச்சலில் மருத்துவர் முக்கியமாகக் கவனிப்பது வேறு எண்களை: இரத்தத் தட்டணுக்கள் குறைகின்றனவா, இரத்தம் கெட்டிப்படுகிறதா என்பதை.

2019-இல் நம் நாட்டின் சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பெரியவர்கள் 100 பேரில் ஏறக்குறைய 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31. அவர்களுள் பலருக்கு நோய் இருப்பதே தெரியாது. செர்காமிலும் மெர்லிமாவிலும் வாழும் நமக்கு இது அடுத்த ஊர்ச் செய்தி அன்று. நம் அடுப்படிச் செய்தி.

ஆகவே, வீட்டில் நாம் செய்ய வேண்டியவை சில. காய்ச்சல் வந்தால் சர்க்கரையைக் கருவியில் அடிக்கடி பாருங்கள். இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ உணவு இறங்காவிட்டாலோ சில மாத்திரைகளை மாற்றவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். அதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். காய்ச்சலுக்கு நல்லதென்று இனிப்புப் பானங்களை டின் டின்னாகக் கொடுக்காதீர்கள். டிங்கி என்ற ஐயம் இருந்தால் வலி மாத்திரைகளைக் கண்டபடி விழுங்கக் கூடாது. மூச்சு வாங்கினால், மயக்கமாகக் கிடந்தால், விரலில் மாட்டும் கருவி 95-க்குக் கீழே காட்டினால், சர்க்கரை 15-க்கு மேலேயே நின்றால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

அந்தத் தாயார் மறுபடியும் வந்து கேட்டால், இன்று நாம் சொல்லும் விடை இதுதான்: "அம்மா, இது நஞ்சு அல்ல. உள்ளே நெருப்பு பற்றியிருக்கிறது என்று அப்பாவின் உடல் அடிக்கும் மணி. காதில் விழுந்த பிறகு தாமதிக்கக் கூடாது."